கேட்காமல் கிடைப்பதே நீதி

நாட்டு நடப்பைப் பேசித் தீர்ப்பதில் எங்கள் திருத்தணிக்காரர்களை எவரும் எளிதில் வென்றுவிட முடியாது. ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. மலைமேல் முருகன் கோயில், அடிவாரத்தில் கடைத்தெரு, வடக்கே சற்றுத் தொலைவு சென்றால் ஆந்திர எல்லை. காலையில் சென்னைக்குப் புறப்படும் இரயிலில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழக்காடும். எல்லைக்கு அப்பால் நகரியில் பெட்ரோல் ஒரு விலை, இப்பால் ஒரு விலை. “எண்ணெய் ஒன்றுதானே, விலை மட்டும் ஏன் இரண்டு?” என்று ஒருவர் தொடங்கினால் போதும். மாநிலங்களின் விற்பனை வரி, 2017 ஜூலை 1 அன்று வந்த சரக்கு சேவை வரிக்குள் பெட்ரோல் சேராமல் போன கதை, டில்லியின் பங்கு, சென்னையின் பங்கு என்று வழிநெடுகப் பேச்சு ஓடும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பயணம் முடிவதற்குள் நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தையே நாங்கள் திருத்தி எழுதிவிடுவோம்.

அந்த இரயில் நாடாளுமன்றத்தில் 31 ஆண்டுகள் உறுப்பினனாக இருந்தவன் நான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, 2018-ல் ஓய்வு பெற்றேன். இப்பொழுது நாடாளுமன்றம் தேநீர்க் கடைக்கு இடம் மாறியிருக்கிறது, பேச்சு மாறவில்லை. விலைவாசி, ஊழல், வேலையின்மை, ஏழைக்கு ஒரு நீதி பணக்காரனுக்கு ஒரு நீதி என்று நான் பேசாத பொருள் இல்லை. சாதாரணக் குடிமகனாகிய என் கருத்துகளை எழுதும்படி இவ்விதழின் நண்பர் ஒருவர் கேட்டபோது, பெரிய பட்டியலே என் மனத்தில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் சென்ற தீபாவளிக்கு முன் என் வீட்டு அடுக்களை வாசலில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டது. அதையே எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை என்பதை வாசக அன்பர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். மனைவிக்கு மூட்டு வலி. ஆகவே 2019-ன் இறுதியிலிருந்து ஓர் அம்மாள் வந்து பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கி, துணி துவைத்துக் கொடுக்கிறார். நாளைக்கு இரண்டு மணி நேர வேலை. கணவர் விசைத்தறித் தொழிலாளி. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்க்குப்பம் என்று எங்கள் சுற்றுவட்டாரமெங்கும் தறியின் ஓசையே ஊரின் ஓசை. ஆனால் தறி ஓடினால்தான் கூலி. நூல் விலை ஏறினாலும், நெய்த துணி தேங்கினாலும் தறி நின்றுவிடும். அந்த நாட்களில் குடும்பத்தைத் தாங்குவது இந்த அம்மாள் நான்கு வீடுகளில் செய்யும் வேலைதான்.

2025 அக்டோபர் மாதம் முதல் வாரம். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் அகவிலைப்படி 3 விழுக்காடு உயர்ந்து 58 விழுக்காடு ஆயிற்று என்று செய்தி வந்திருந்தது. ஓய்வூதியர்களுக்கு அதனை அகவிலை நிவாரணம் என்று சொல்லவேண்டும். நாங்கள் பேச்சில் டி.ஏ. என்போம். ஜூலை முதல் கணக்கிட்டு நிலுவையும் உண்டு. தேநீர்க் கடையில் அன்று இதே பேச்சு. “மூன்று விழுக்காடு எந்த மூலைக்கு? விலைவாசி ஏறியிருக்கும் ஏற்றத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி!” என்று முழங்கிவிட்டு வீடு திரும்பினேன்.

அந்த அம்மாள் வேலையை முடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றிருந்தார். முந்தானை நுனியைத் திருகியபடி, “ஐயா, ஒண்ணு கேக்கணும். இந்த மாசத்துலேருந்து ஐந்நூறு ரூபா சேத்துக் குடுத்தா ஒத்தாசையா இருக்கும். எல்லாம் வெல ஏறிப்போச்சு” என்றார்.

“பார்க்கலாம் அம்மா. தீபாவளி போகட்டும்” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நானும் நாளிதழை விரித்துக்கொண்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த நேரத்தில் என் மனம் சற்றும் உறுத்தவில்லை.

எனக்கு நாள்தோறும் வரவுசெலவு எழுதும் பழக்கம் உண்டு. அலுவலகத்தில் பிடித்த பழக்கம், ஓய்வு பெற்றும் விடவில்லை. இரண்டு நாள் கழித்து, சமையல் எரிவாயு உருளை எந்த ஆண்டில் என்ன விலை விற்றது என்று தேநீர்க் கடையில் எழுந்த ஒரு தகராற்றைத் தீர்ப்பதற்காகப் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். 2020 ஜனவரியில் எழுநூற்று முப்பதைச் சுற்றி இருந்தது. 2023-ன் நடுவில் ஆயிரத்து நூற்றைத் தாண்டியது. பிறகு இறங்கிற்று, ஆனால் பழைய இடத்துக்கு வரவேயில்லை. பால், பருப்பு, எண்ணெய், மருந்து எல்லாமே பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே இருந்தன.

ஒரு வரி மட்டும் ஏறவில்லை. “வீட்டு வேலை: 1,500.” 2019 நவம்பரிலும் 1,500. 2021-லும் 1,500. 2023-லும் 1,500. 2025 செப்டம்பரிலும் அதே 1,500. ஆறு ஆண்டுகளாக என் கையாலேயே அதை மாதந்தோறும் எழுதிவந்திருக்கிறேன். விலைவாசி ஏற்றத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிய என் கண்ணுக்கு, என் எழுத்தே தெரியவில்லை.

நான் எழுத்தர் அல்லவா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

என் அடிப்படை ஓய்வூதியம் 25,000 ரூபாய். அந்த அம்மாள் வேலைக்கு வந்த காலத்தில் டி.ஏ. 17 விழுக்காடு, 2025 ஜூலை முதல் 58 விழுக்காடு. ஆக, இந்த ஆறு ஆண்டுகளில் என் மாத வருவாய் 10,250 ரூபாய் உயர்ந்திருக்கிறது. அதற்காக நான் எவர் வாசலிலும் நின்று முந்தானை திருகியதில்லை. மனு எழுதியதில்லை. அது தானாக வந்தது. அதே சூத்திரத்தை அந்த அம்மாளின் 1,500 ரூபாய்க்கும் பொருத்திப் பார்த்தேன். விலைவாசிக்கு ஈடாக மட்டும் உயர்ந்திருந்தால்கூட இன்று அவர் கூலி ஏறக்குறைய 2,026 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். அவர் கேட்டதோ 2,000. அரசின் கணக்கு எனக்குத் தரும் நியாயத்தைவிட 26 ரூபாய் குறைத்தே அவர் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் நான் “பார்க்கலாம்” என்று சொன்னேன்.

இந்த அகவிலைப்படி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை நம் குடும்பங்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் 88 தொழில் மையங்களில், தொழிலாளிக் குடும்பங்கள் வாங்கும் அரிசி, பருப்பு, துணி, வாடகை முதலியவற்றின் விலைகளைத் திரட்டி, மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் ஒரு விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. ‘தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்’ என்பது அதன் பெயர். அதன் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டே ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி நிர்ணயிக்கப்படுகிறது. நான் இத்தனை ஆண்டும் இதை அறிந்திருந்தேன். ஆனால் அன்றுதான் அதன் பெயரை நின்று படித்தேன். தொழிலாளியின் உலைப்பானையை அளந்து எடுத்த எண் அது. அந்த எண் என் வருவாயை உயர்த்துகிறது. என் வீட்டிலேயே உழைக்கும் தொழிலாளியின் வருவாயை அது தொடுவதில்லை.

வேறொன்றையும் கண்டுபிடித்தேன். 2020 ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதங்களில் அந்த வரியே நோட்டில் இல்லை. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, “நோய் பரவுகிறது, நாங்கள் சொல்லும்வரை வரவேண்டாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் வரவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. எனக்கோ அந்த இரண்டு மாதங்களும் ஓய்வூதியம் ஒரு நாள் தவறாமல் வந்து சேர்ந்தது. அந்தப் பெருந்தொற்றின்போது மத்திய அரசு 18 மாதங்களுக்கு, அதாவது மூன்று தவணைகளுக்கு, அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. அது அநீதி என்று எத்தனை தாள்களில் கையொப்பமிட்டிருப்பேன்! அந்த 18 மாதத்து நிலுவையை எனக்குத் தரவேண்டும் என்று இன்றும் வாதாடுகிறேன். நான் ஒருவருக்குத் தரவேண்டிய இரண்டு மாத நிலுவை என் நினைவிலேயே இல்லை.

என் மனைவியிடம் தாளைக் காட்டினேன். அவள் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு பொறுமையாகப் படித்தாள். “ஏங்க, தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தோமே என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்” என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் தவறு முழுவதும் அடங்கியிருந்தது. பழைய புடவை கொடுத்தோம், பொங்கலுக்கு வெல்லமும் அரிசியும் கொடுத்தோம், கிறிஸ்துமசுக்குப் பலகாரம் கொடுத்தோம். அவையெல்லாம் ஈகை, அவற்றை எண்ணி நாங்கள் நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டோம். சேரவேண்டிய கூலியில் கைவைத்துக்கொண்டு ஈகை செய்வது, ஒருவர் பணப்பையை எடுத்து அவருக்கே தேநீர் வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்.

மறுநாள் தேநீர்க் கடையில் இதைச் சொன்னேன். எதிர்ப்பு எழுந்தது. அந்த வாதங்களை இங்கே நேர்மையாக எடுத்து வைக்கிறேன். ஏனெனில், இரண்டு நாள் முன்புவரை அவை என் வாதங்களாகவும் இருந்தவையே.

முதல் வாதம்: “எல்லாரும் இவ்வளவுதானே கொடுக்கிறார்கள்? அந்த அம்மாளும் ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தார்?”

ஒப்புக்கொண்டார் என்பது உண்மை. வேறு வழி இருந்து ஒப்புக்கொண்டாரா என்பதே கேள்வி. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டில்லியில் அரங்குகள் கட்டப்பட்டபோது, இடைத்தரகர்கள் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியிலிருந்து நாளொன்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் இதை ஒரு கடிதமாக எழுதி உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பியது. அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி பகவதி அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பு வழங்கினார். சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலை செய்கிறார் என்றால், பசியின் வற்புறுத்தலாலேயே செய்கிறார்; ஆகவே அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்பது அத்தீர்ப்பின் சாரம். சாட்டையால் அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயம் அன்று. வறுமையும் ஒரு சாட்டை என்று நீதிமன்றம் கண்டது.

நம்மில் பெரியவர்களுக்கு இது புதிய கருத்தாகத் தோன்றாது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891 மே 15 அன்று தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில் இதையே சொல்லியிருக்கிறார். முதலாளியும் தொழிலாளியும் எந்த உடன்படிக்கை செய்துகொண்டாலும் அதற்கும் மேலான ஓர் இயற்கை நீதி உண்டு. சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்குவதற்குக் கூலி போதவேண்டும். தேவையின் நெருக்கடியாலோ, இதைவிடப் பெரிய தீமை வந்துவிடும் என்ற அச்சத்தாலோ அவர் குறைந்த கூலிக்கு இசைந்தால், அவர் அநீதிக்கு ஆளானவரே என்பது அவர் போதனை. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, லியோ என்னும் அதே பெயரைத் தாம் ஏற்றதற்கு அந்தச் சுற்றுமடலை முதன்மைக் காரணமாகச் சொன்னதை நாம் செய்திகளில் படித்தோம். படித்து மகிழ்ந்தோம். வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தோமா?

இரண்டாவது வாதம்: “அதுதான் அரசாங்கம் கொடுக்கிறதே! நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை. இன்னும் நாம் வேறு கொடுக்க வேண்டுமா?”

இந்த வாதம்தான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலை அரிசி இலவசமாயிற்று. குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இவற்றால் பல அடுப்புகள் எரிந்தன என்பதை மறுப்பவர் மனச்சாட்சி இல்லாதவர். ஆனால், அரசு அவருக்குக் கொடுத்ததைக் காட்டி நான் கொடுக்க வேண்டியதைக் குறைத்தால், அந்த ஆயிரம் ரூபாய் உண்மையில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அவர் கையில் விழுந்து என் பைக்குள் வந்துவிட்டது. இலவசத் திட்டங்களால் ஏழைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று தேநீர்க் கடையில் நாள்தோறும் பேசுகிறோம். அதிகாலையில் எழுந்து நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவரா சோம்பேறி? இலவச அரிசியின் துணையால் மலிவான உழைப்பை அனுபவித்த நாம், மறைமுகமாக மானியம் வாங்கியவர்கள். இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது வாதம்: “உமக்கு ஓய்வூதியம் வருகிறது, கொடுக்கிறீர். தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம் வாங்கும் ஆசிரியை என்ன செய்வாள்?”

இது நியாயமான கேள்வி. நம் பங்குக் குடும்பங்களில் பெரும்பாலோர் தாமே குறைந்த கூலிக்கு உழைப்பவர்கள் என்பதை நான் அறிவேன். அவர்களை நோக்கி விரல் நீட்ட எனக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்று சொல்வேன். நம்மால் முழுக்கூலி கொடுக்க இயலாவிட்டால் வேலையைக் குறைத்துக்கொள்வோம். முழு வேலைக்கு அரைக்கூலி கொடுப்பதைவிட, அரை வேலைக்கு முழுக்கூலி கொடுப்பது மேல். மீதிப் பாத்திரங்களை நாமே துலக்கலாம். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அது நல்ல பாடம்.

எங்கள் ஊரின் பழைய கதை ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர்கிறேன். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம. பொ. சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகத்தாரும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள்; மறியல் செய்தார்கள்; சிறை புகுந்தார்கள். பட்டாஸ்கர் நடுவராக அமர்ந்து பரிந்துரை செய்தார். 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. என் தந்தையார் அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், “நாங்கள் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை, எங்கள் உரிமையைக் கேட்டோம்” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஊருக்கு உரிமை வேண்டும்போது அது தயவாக வருவதை நாங்கள் விரும்பவில்லை. அப்படியிருக்க, எங்கள் வீட்டுக்கு வரும் தொழிலாளி மட்டும் தம் கூலியைத் தயவாகக் கேட்டு நிற்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்த்தேன்?

சட்டம் இல்லாமல் இல்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948-லேயே வந்தது. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி நலவாரியம் 2007-ல் அமைக்கப்பட்டது. வீட்டுப் பணியாளர்களின் கண்ணியத்துக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் ஓர் உடன்படிக்கையையே உருவாக்கியது. ஆனால் தொழிற்சாலைக்குள் ஆய்வாளர் நுழையலாம். என் அடுக்களைக்குள் எந்த ஆய்வாளர் வருவார்? அங்கே சட்டமும் நான்தான், முதலாளியும் நான்தான், நீதிபதியும் நான்தான். இவ்வளவு அதிகாரம் பிரதம மந்திரிக்கும் இல்லை. அந்த அதிகாரத்தை நான் எப்படிச் செலுத்தினேன் என்பதைப் பார்த்துவிட்டல்லவா பிறரைக் குறை சொல்லவேண்டும்?

நானும் மனைவியும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பேசினோம். 2,026 ரூபாய் என்பது பழைய கூலியின் மதிப்பைக் காப்பாற்றும், அவ்வளவே. பழைய கூலியே நியாயமானதா? மாதம் இரண்டு நாள் விடுப்புப் போக, 28 நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம். 1,500 ரூபாயை வகுத்தால் மணிக்கு 27 ரூபாய்கூட வரவில்லை. கடைத்தெருவில் இரண்டு தேநீர் குடித்தால் தீர்ந்துபோகும் தொகை. ஆகவே மாதம் 3,000 ரூபாய் என்றும், வாரம் ஒரு நாள் விடுப்பு என்றும், உடல்நலம் குன்றிய நாளுக்குக் கூலி பிடிப்பதில்லை என்றும், தீபாவளிக்கு ஒரு மாதக் கூலி என்றும் முடிவு செய்தோம். எனக்கு டி.ஏ. உயரும் ஜனவரியிலும் ஜூலையிலும் அவர் கூலியும் அதே விகிதத்தில் உயரவேண்டும். அவர் கேட்டு நிற்கும்படி இனி விடக்கூடாது.

மாதம் 1,500 ரூபாய் கூடுதல் செலவு. அதில் பாதி, இந்த முறை எனக்கு உயர்ந்த 3 விழுக்காட்டிலேயே கிடைத்துவிட்டது. மறுபாதிக்குச் சிற்றுண்டிச் செலவையும், வேண்டாத தொலைக்காட்சிக் கட்டணத்தையும் குறைத்தோம். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. இவ்வளவு எளிதாக முடிந்த காரியத்தை ஆறு ஆண்டுகள் செய்யாமல் இருந்தோமே என்பதுதான் வெட்கம்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாக அந்த அம்மாளை அழைத்து உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. புதிய கூலியைச் சொன்னபோது என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். வேலையைவிட்டு நிறுத்தப் போகிறோம் என்று அஞ்சி வந்திருக்கிறார் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஐந்நூறு ரூபாய் கேட்டதற்கு அத்தனை நாளும் அவர் கொடுத்த விலை அந்த அச்சம்.

பிறகு, 2020-ன் இரண்டு மாதங்களுக்காக வைத்திருந்த உறையை நீட்டினேன்.

“இது எதுக்குங்க ஐயா? அப்ப நான் வேலைக்கே வரலியே?”

“நீங்கள் வராமல் இருக்கவில்லை அம்மா. நாங்கள் வரவேண்டாம் என்று சொன்னோம்.”

அவர் உறையைப் பிரித்து, தம் வீட்டு மொழியான தெலுங்கில் உதட்டுக்குள் எண்ணிப் பார்த்தார். ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். நான் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் முகம் மலரவில்லை. தாள்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “அப்ப தறியும் நின்னுபோச்சு ஐயா. அரிசி இருந்திச்சு, மத்தது ஒண்ணும் இல்ல. கம்மல அடகு வெச்சோம். வட்டி கட்ட முடியாம அது முழுகிப்போச்சு.”

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு, “போய்ட்டு வரேங்கம்மா” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் புறப்பட்டார்.

மூவாயிரம் ரூபாய் ஐந்து ஆண்டு தாமதித்து வந்தால் அது அதே மூவாயிரம் ஆகாது என்பதை அன்று கற்றேன். காலம் தாழ்த்திய நீதியைப் பற்றி நீதிமன்றங்களை நான் எத்தனை முறை குறை கூறியிருக்கிறேன்! அந்தக் கம்மலை என்னால் மீட்டுத்தர முடியாது.

நான் இப்பொழுதும் தேநீர்க் கடைக்குப் போகிறேன். விலைவாசியைப் பற்றியும் ஊழலைப் பற்றியும் பேசுகிறேன்; பேசத்தான் வேண்டும். குடிமக்கள் வாய் மூடியிருந்தால் ஆட்சியாளர்களுக்குக் கொண்டாட்டம். நிறுத்தி வைத்த 18 மாதத்து நிலுவையையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் பேசத் தொடங்குமுன் என் கணக்கு நோட்டு நினைவுக்கு வருகிறது. திராட்சைத் தோட்டத்துக்கு மாலையில் வந்தவனுக்கும் வீட்டில் பசி உண்டு என்று அறிந்து, அவன் கேளாமலே முழு நாள் கூலி கொடுத்த முதலாளியின் உவமையை நாம் ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த முதலாளியை நாம் இரக்கமுள்ளவர் என்கிறோம். நம் வீட்டு அம்மாளோ காலையிலேயே வந்தவர்.

அன்பர்களே, இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர், கடையில் உதவுபவர், வயலில் இறங்குபவர், இவர்களுள் ஒருவருக்கு நீங்கள் கடைசியாகக் கூலி உயர்த்திய ஆண்டு எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பக்கத்தில், உங்கள் வருவாய் கடைசியாக உயர்ந்த ஆண்டையும் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களையும் வீட்டிலுள்ள எல்லாரும் பார்க்கட்டும். வரும் ஜனவரியில் எனக்கு எத்தனை விழுக்காடு உயருமோ, நான் அறியேன். எத்தனை உயர்ந்தாலும் எங்கள் நோட்டில் இனி இரண்டு வரிகள் சேர்ந்தே உயரும்.